இரண்டு அங்குல ஆசை

இந்தியாவில் செடான் விற்க வரும் வெளிநாட்டு கார் நிறுவனங்கள் பலவும் முதலில் செய்யும் காரியம், காரைச் சற்றுத் தூக்குவது. நம் சாலைகளின் மேடு பள்ளம் அப்படி. அதே காரை வாங்கும் இளைஞர்களில் ஒரு சாரார் முதலில் செய்யும் காரியம், அதை இறக்குவது. டெல்லி கரோல்பாக், பெங்களூர் ஜே.சி. ரோடு, மும்பை குர்லா என்று கார் அலங்காரக் கடைகள் குவிந்திருக்கும் இடங்களில் ‘ரெண்டு இஞ்ச் இறக்கணும்’ என்ற கோரிக்கை யாரையும் ஆச்சரியப்படுத்துவதில்லை.

ஆசையை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. கார் தரையை நெருங்க நெருங்க அதன் ஈர்ப்பு மையமும் இறங்குகிறது. வளைவுகளில் உடல் சாய்வது குறைகிறது. பந்தயக் கார்கள் தரையோடு தரையாகப் படுத்துக்கிடப்பது அழகுக்காக அல்ல. சிக்கல் எல்லாம் கணக்கில் இருக்கிறது.

2020இல் வந்த ஹோண்டா சிட்டியை எடுத்துக்கொள்ளலாம். ஆள் ஏறாதபோது அதன் தரை இடைவெளி 165 மி.மீ. இரண்டு அங்குலம் இறக்கினால் மிஞ்சுவது சுமார் 115. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த விதிப்படி வேகத்தடையின் உயரம் 100 மி.மீ., அகலம் 3.7 மீட்டர். இந்த அகலத்தில் மேடு மெதுவாக எழுந்து மெதுவாக இறங்குவதால் இறக்கிய கார்கூட தப்பித்துவிடும். ஆனால் ஊர்க்காரர்களும் பஞ்சாயத்துகளும் இரவோடு இரவாகப் போடும் குட்டை மேடுகள் எந்த விதிக்கும் கட்டுப்பட்டவை அல்ல. முன் சக்கரம் ஒரு பக்கமும் பின் சக்கரம் மறுபக்கமும் நிற்க, முழு மேடும் காரின் வயிற்றுக்கு நேராக வரும். ஐந்து பேரும் பெட்டி படுக்கையும் ஏறியிருந்தால் எண்ணெய்த் தொட்டியோ சைலன்சர் குழாயோ உரசாமல் இருப்பது அதிர்ஷ்டம்.

உரசல் காதில் விழும். காதில் விழாத சேதம் சக்கரங்களில் நடக்கிறது.

இன்றைய செடான்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கத்தில் இருப்பது மெக்பர்சன் ஸ்ட்ரட் என்ற அமைப்பு. சக்கரத்தைக் கீழே பிடித்திருப்பது லோயர் ஆர்ம். திருப்புவது ஸ்டியரிங்கோடு இணைந்த டை ராட். இரண்டும் கதவு கீலில் ஆடுவதுபோல மேலும் கீழும் ஆடுபவை. ஆனால் இரண்டும் வரையும் வில் ஒன்றல்ல. கம்பெனி நிர்ணயித்த உயரத்தில் அவை ஒத்துப்போகும். உயரம் மாறினால் ஒன்று மற்றதை இழுக்கும், அல்லது தள்ளும். விளைவு: சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்கிறது, மெக்கானிக்குகள் இதை நெகட்டிவ் கேம்பர் என்பார்கள். மேலிருந்து பார்த்தால் இரு சக்கரங்களும் நேராக இராமல், கால் கோணலாக நடப்பவரின் பாதம்போல உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கின்றன. இது டோ.

டயரை அதிகம் தின்பது டோதான். சுமார் 600 மி.மீ. விட்டமுள்ள டயரின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் இடையே 3 மி.மீ. கோணல் என்றால் இருநூறில் ஒரு பங்கு. அதாவது, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் 5 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. 10,000 கி.மீ. ஓடி முடிக்கும்போது 50 கி.மீ. தூரம் தார்ச்சாலையில் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும்.

கேம்பரும் சேர்ந்துகொண்டால் தேய்வது டயரின் உள்விளிம்பு. வெளியே நின்று பார்ப்பவருக்குப் பட்டன் எல்லாம் புதிதுபோலத் தெரியும். உள்ளே கம்பி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். நகரத்துக்குள் 40 கி.மீ. வேகத்தில் இது மாதக்கணக்கில் தாங்கலாம். யமுனா எக்ஸ்பிரஸ்வேயின் கான்கிரீட்டில், மே மாத வெயிலில், 100 கி.மீ. வேகத்தில் தாங்கும் என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை.

காரை இறக்க மலிவான வழி ஒன்று உண்டு: ஸ்பிரிங்கின் ஒரு சுற்றை அறுத்துவிடுவது. சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும்; ஷாக் அப்சார்பரோ பழைய ஸ்பிரிங்குக்காக வடிவமைக்கப்பட்டது. பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது, குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையைவிட்டு நழுவவும் வாய்ப்பு உண்டு. கேஸ் வெல்டிங்கில் சூடுபடுத்தி அமுக்குவது இன்னும் மோசம். எஃகின் பதமே போய்விடும்.

முறையாகச் செய்பவர்கள், அந்த மாடலுக்கென்றே தயாரித்த ஸ்பிரிங்கையும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரையும் சேர்த்து மாற்றுகிறார்கள். லோயர் ஆர்ம் புஷ்களின் போல்ட்டை, கார் ஜாக்கியில் தொங்கும்போது அல்ல, சக்கரம் தரையில் எடை தாங்கி நிற்கும்போது இறுக்குகிறார்கள். இல்லையேல் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டி ஸ்பிரிங் படிந்த பிறகு மறுபடியும் வீல் அலைன்மென்ட் பார்க்கிறார்கள். முதலில் டயர் காற்று, பிறகு கேம்பர், கடைசியில் டோ. கேம்பரை மாற்றினால் டோவும் மாறும் என்பதால் இந்த வரிசை.

இதிலும் ஓர் எல்லை உண்டு. பல கார்களின் முன்பக்கத்தில் கம்பெனி தருவது டோ திருத்தும் வசதி மட்டுமே. கேம்பருக்குத் தனி போல்ட் வாங்க வேண்டும். பின்பக்கத்தில் டார்ஷன் பீம் இருந்தால், இடையில் தகடு வைக்காமல் எதையும் திருத்த முடியாது. ‘அலைன்மென்ட் பண்ணியாச்சு’ என்ற வாய்மொழி போதாது. இயந்திரம் அச்சிட்டுத் தரும் தாளில், முன்பும் பின்பும் உள்ள எண்களைக் கேட்டு வாங்க வேண்டும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, காரின் அடிப்படை அம்சத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஆர்.சி.யில் தரை இடைவெளிக்கென்று ஒரு கட்டம் கிடையாது, எனவே ஸ்பிரிங் மாற்றுவது குற்றமாகாது என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதம் சாலையோரம் நிறுத்தும் அதிகாரியிடம் எடுபடுமா என்பது வேறு விஷயம்.

ஆனால் அந்த அதிகாரியும் பார்ப்பது உயரத்தைத்தான், டோவை அல்ல. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை அதன் சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று எந்த அலுவலகமும் கேட்கப்போவதில்லை. மாதம் ஒருமுறை ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, டார்ச் அடித்து டயரின் உள்விளிம்பைப் பார்க்கும் வேலை காரை இறக்கியவருக்கே உரியது. இரண்டு நிமிடம் ஆகும்.