பாம்புக்குத் தலை எது, வால் எது?

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளிலிருந்து நமக்கு அடிக்கடி ஒரே மாதிரியான கேள்வி வந்துகொண்டிருக்கிறது. “மெட்டல் கியர் என்று ஒரு வீடியோ விளையாட்டு வரிசை இருக்கிறது. அதில் மூன்றாவதுதான் கதைப்படி முதலாவது என்கிறார்கள். ஐந்தாவது, ஒன்றாவதற்கு முந்தியது என்கிறார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது?” என்பதே அதன் சாராம்சம். கேட்பவர்கள் பிள்ளைகள் மட்டும் அல்ல. சில தகப்பனார்களும் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைக்காகக் கேட்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள், நாமும் நம்பிவிட்டோம்.

வீடியோ விளையாட்டைப் பற்றி எழுதுவதா என்று முகம் சுளிக்கும் பெரியோர்களும் இருக்கக்கூடும். நாடகம் குடியைக் கெடுக்கும் என்றார்கள். பிறகு நாவல் கெடுக்கும் என்றார்கள். அப்புறம் சினிமாவின் முறை வந்தது. குடிகள் என்னவோ இன்னமும் இருந்துகொண்டுதான் இருக்கின்றன. நிற்க.

விஷயத்துக்கு வருவோம். 1987-ம் வருஷம் ஜப்பானில் கொனாமி கம்பெனியில் வேலை பார்த்த ஹிடியோ கோஜிமா என்னும் இளைஞரிடம், யுத்த விளையாட்டு ஒன்று தயாரிக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. அவருக்கு அப்போது 24 வயது நிறையவில்லை. அந்த விளையாட்டு ஓட வேண்டிய எம்.எஸ்.எக்ஸ்.2 என்னும் வீட்டுக் கம்ப்யூட்டரோ பரம ஏழை. திரையில் ஒரே சமயத்தில் சில உருவங்களுக்கு மேல் நடமாடினால் அதற்கு மூச்சு வாங்கும். சிப்பாய்களையும் குண்டுகளையும் வாரி இறைத்து யுத்தம் நடத்துவது அதில் ஆகிற காரியம் அல்ல. சண்டை போட முடியாவிட்டால் போகிறது, சண்டைக்கு அகப்படாமல் ஒளிந்து செல்வதையே விளையாட்டாக்கினால் என்ன என்று கோஜிமா யோசித்தார். பகைவன் கோட்டைக்குள் ஒற்றை ஆளாகப் புகுந்து, காவலாளியின் கண்ணில் படாமல் சுவரோரமாகப் பதுங்கிச் செல்லும் ‘ஸாலிட் ஸ்நேக்’ இப்படித்தான் பிறந்தான். ஸ்நேக் என்றால் பாம்பு. அவன் தேடிச் செல்வது ‘மெட்டல் கியர்’ என்னும் நடக்கும் டாங்கியை. எந்த இடத்திலிருந்தும் அணுகுண்டை ஏவக்கூடிய ராட்சஸ யந்திரம் அது. அணுகுண்டின் கொடுமையை 1945-ல் நேரில் கண்ட தேசத்திலிருந்து இந்தக் கதை வந்தது என்பதை மறக்கக் கூடாது. வரிசை நெடுகிலும் அந்தப் பயம் அடிநாதமாக ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

இனிச் சிக்கலைப் பார்ப்போம். 1987-ல் வந்த முதல் விளையாட்டின் கதை 1995-ல் நடக்கிறது. 1990-ல் வந்த இரண்டாவதின் கதை 1999-ல். இவ்விரண்டும் எம்.எஸ்.எக்ஸ்.2 யந்திரத்துக்காகச் செய்யப்பட்டவை. 1998-ல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘மெட்டல் கியர் சாலிட்’ உலகப் பிரசித்தி பெற்றது. அலாஸ்காவில் பனி மூடிய ஒரு தீவில் 2005-ல் நடப்பது அதன் கதை. 2001-ல் வந்த இரண்டாம் பாகம் 2007, 2009 வருஷங்களைப் பற்றியது. இது வரையில் ஒழுங்காக முன்னோக்கிப் போய்க்கொண்டிருந்த கோஜிமா, 2004-ல் ‘ஸ்நேக் ஈட்டர்’ என்னும் மூன்றாம் பாகத்தில் சட்டென்று 1964-க்குத் தாவிவிட்டார். 2008-ல் வந்த நான்காம் பாகம் மீண்டும் முன்னே பாய்ந்து 2014-ல் போய் நிற்கிறது. மறுபடியும் பின்னே ஓட்டம்: 2010-ல் வந்த ‘பீஸ் வாக்கர்’ 1974-ல் கோஸ்டாரிக்காவில் நடக்கிறது. (1948-ல் ராணுவத்தையே கலைத்துவிட்ட தேசம் அது. கூலிப்படைகளின் கதையை அங்கே கொண்டுபோய் வைத்த குறும்பை நாம் மிகவும் ரஸித்தோம்.) ஐந்தாம் பாகம் இரண்டு துண்டாக 2014-லும் 2015-லும் வந்தது. முதல் துண்டின் காலம் 1975. இரண்டாவது, ருஷ்யப் படைகள் புகுந்திருந்த 1984-ம் வருஷத்து ஆப்கானிஸ்தானத்துக்கு நம்மை அழைத்துச் செல்கிறது.

இத்தனையும் போதாதென்று 2025 ஆகஸ்டில் ‘ஸ்நேக் ஈட்டர்’ புதிய மெருகுடன் மறுபடி வெளிவந்தது. படம் கண்ணைப் பறிக்கிறது; கைக்கும் சுலபமாக இருக்கிறது; கதையின் காலக்கிரமப்படியும் அதுவே முதல். ஆகவே, “1964-ல் ஆரம்பித்து வருஷ வரிசையாக ஆடிக்கொண்டே வந்தால் போயிற்று” என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒரு திட்டம் சொல்லுகிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முழு வரிசையையும் ஆடிப் பார்க்கும் உத்தேசம் இருந்தால் அந்தத் திட்டம் வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம். 1998-ம் வருஷத்து விளையாட்டில் ஆரம்பித்து, வெளிவந்த வரிசையிலேயே மேலே செல்லுங்கள் என்போம்.

காரணம், இந்த வரிசை உண்மையில் இரண்டு மனிதர்களின் கதை. ஒருவன் ஸாலிட் ஸ்நேக். மற்றவன் அவனுடைய தலைவனாக இருந்து பகைவனாக மாறிய ‘பிக் பாஸ்’. (தொலைக்காட்சியில் ஒரு வீட்டில் ஆட்களை அடைத்து வைக்கிறார்களே, அந்த பிக் பாஸ் அல்ல.) 1998-ல் நாம் ஆட்டத்தைத் தொடங்கும்போதே, பிக் பாஸ் என்பவன் சிப்பாய்களுக்கென்று தனி ராஜ்யம் அமைத்து, அணு ஆயுதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உலகத்தை மிரட்டியவன் என்று அறிந்துகொள்கிறோம். அவன் பெயரைக் கேட்டாலே எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். துஷ்டன் என்று நாமும் தீர்மானித்துவிடுகிறோம். அதற்குப் பிறகு ‘ஸ்நேக் ஈட்டர்’ வருகிறது. 1964-ம் வருஷத்து ருஷ்யக் காட்டில் நாம் நடத்திச் செல்லும் அந்த இளைஞன், பாம்பைப் பிடித்துத் தின்று பசியாறுகிறவன், காயத்துக்குத் தானே கட்டுப் போட்டுக்கொள்கிறவன், சற்று அசட்டுத்தனமாகச் சிரிக்கிறவன், யார்? சாக்ஷாத் அந்தத் துஷ்டனேதான்! அவனுக்கு வித்தை சொல்லிக் கொடுத்த குரு ஒரு பெண்மணி. அவள் எதிரியின் பக்கம் போய்விட்டாள், அவளைக் கொன்றுவிட்டு வா என்று அவனுடைய சர்க்கார் உத்தரவிடுகிறது. தேசத்துக்கு உண்மையாக உழைத்தவர்களைத் தேசத்தை ஆள்கிறவர்கள் எப்படி உபயோகித்துக்கொண்டு எப்படித் தூக்கி எறிகிறார்கள் என்பதை அவ்வளவு வலிக்கும்படி சொன்ன வேறு விளையாட்டை நாம் அறியோம்.

காலக்கிரமப்படி ஆரம்பிக்கிறவனுக்கும் இந்தக் கதை கிடைக்கும். ஆனால் அவன் காண்பது ஒரு நல்லவனை மட்டுமே. வெளிவந்த வரிசையில் வருகிறவனோ, தான் முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்ட ஒருவனுடைய வாலிபத்தைப் பார்க்கிறான். இவன் பின்னால் என்ன ஆகப்போகிறான் என்பது தெரிந்திருந்தும் தடுக்க முடியாமல் உடன் நடக்கிறான். இரண்டும் ஒன்றாகுமா?

நம் வீடுகளிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. கல்கி ‘பார்த்திபன் கன’வை முன்னால் எழுதினார், அதற்கு முந்திய காலத்துக் கதையான ‘சிவகாமியின் சபத’த்தைப் பின்னால் எழுதினார். வாராவாரம் படித்த குடும்பங்கள் நரசிம்ம பல்லவரை முதன்முதலில் கண்டது, விவாகத்துக்குரிய வயதில் மகள் உள்ள முதிர்ந்த சக்கரவர்த்தியாக. பிறகுதான் இளவரசர் மாமல்லராகக் கண்டார்கள். ஆயனச் சிற்பியின் மகளிடம் அவர் காதல் பேசிய ஒவ்வொரு அத்தியாயத்திலும், இது கைகூடாது என்பது அவர்களுடைய நெஞ்சின் ஓரத்தில் உறுத்திக்கொண்டே இருந்திருக்கும். பல்லவ சரித்திரத்தை வரிசையாகப் படிக்க வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு ‘சிவகாமியின் சபத’த்தை முதலில் எடுக்கிற இக்காலத்து வாசகர்களுக்கு அந்த உறுத்தல் கிடைப்பதில்லை. இதனால் அவர்கள் பெரிய நஷ்டம் அடைந்துவிட்டார்கள் என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் அவர்கள் படித்தது சற்று வேறு புஸ்தகம்.

1998-ல் ஆரம்பிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2001-ல் வந்த இரண்டாம் பாகம், முந்தியதை ஆடியவர்களை வைத்தே விளையாடுகிற விளையாட்டு. முன்பு கண்ட சம்பவங்கள் வேண்டுமென்றே வேறு உருவத்தில் திரும்பி வரும். ஏன் வருகின்றன என்பதே அதன் ரகசியம். அந்த ரகசியத்தோடு சேர்ந்த ஒரு பெரிய விஷயத்தைக் கம்பெனியார் விளம்பரங்களில் சாமர்த்தியமாக மறைத்து வைத்தார்கள். நாமும் மறைத்துவிடுகிறோம். ஜனங்கள் எந்தச் செய்தியை அறியலாம், எதை அறியக்கூடாது என்று யந்திரங்கள் பொறுக்கி எடுக்கும் காலத்தைப் பற்றி அந்த விளையாட்டு 2001-லேயே பேசியது. அன்று பலருக்கு அது பிதற்றலாகப் பட்டது. இன்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

1998-ம் வருஷத்து விளையாட்டு கிழடு தட்டிவிட்டதே, படம் கட்டை கட்டையாக இருக்கிறதே என்று சிலர் தயங்குகிறார்கள். உண்மைதான், முகங்களில் கண்கள்கூடச் சரியாக இல்லை. ஆனால் அரை மணி நேரத்தில் அது மறந்துபோகும். அதில் மனத்தைப் படிக்கும் மந்திரவாதி ஒருவன் வருகிறான். நாம் அதற்கு முன்னால் கொனாமி கம்பெனியின் வேறு எந்த விளையாட்டுகளை ஆடினோம் என்பதை மெமரி கார்டிலிருந்து படித்துச் சொல்லி நம்மைத் திடுக்கிட வைக்கிறான். கன்ட்ரோலரைத் தரையில் வைக்கச் சொல்லி, தன் மனோசக்தியால் அதை நகர்த்திக் காட்டுகிறான். அவனை வெல்லுவதற்கு வழி, கன்ட்ரோலரைப் பிடுங்கி இரண்டாவது துவாரத்தில் செருகுவதுதான்! வேறோர் இடத்தில் ஒரு ரேடியோ எண் தேவைப்படுகிறது. அது சிடி பெட்டியின் பின்புறத்தில் இருக்கிறது என்கிறார்கள். கதைக்குள் இருக்கும் ஏதோ பெட்டி என்று எண்ணிச் சுற்றிச் சுற்றித் தேடியவர்கள் அநேகர். கடையிலிருந்து வாங்கி வந்த பெட்டியையே அவர்கள் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

பரீட்சை இருக்கிறது, உத்தியோகம் இருக்கிறது, ஒன்றே ஒன்றுதான் ஆட முடியும் என்கிறவர்களுக்கு மட்டும் நமது யோசனை வேறு. அவர்கள் ‘ஸ்நேக் ஈட்ட’ரை ஆடிவிட்டு நிம்மதியாக இருக்கலாம், அது தன்னளவில் முழுமையான கதை. அதில் மிகவும் வயோதிகரான ஒரு குறிவீரர் காட்டுக்குள் மறைந்திருந்து நம்மோடு போரிடுகிறார். அந்தப் போரின் நடுவே ஆட்டத்தைச் சேமித்து நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பிப் போனால், பாவம், கிழவர் மூப்பினால் காலமாகியிருப்பார். பொறுமையும் ஓர் ஆயுதம் என்பதை இவ்வளவு வேடிக்கையாகச் சொன்னவர் கோஜிமாதான்.

எக்காரணத்தைக் கொண்டும் 2008-ல் வந்த நான்காம் பாகத்தில் மட்டும் ஆரம்பிக்க வேண்டாம். முந்திய கணக்குகளையெல்லாம் தீர்ப்பதற்காகவே எழுதப்பட்டது அது. கடைசிக் காட்சி மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. கதாபாத்திரங்களை முன்பே அறிந்தவர் கண்ணீர் விடுவார். அறியாதவர் கொட்டாவி விடுவார்.

2023 அக்டோபரில் வந்த ‘மாஸ்டர் கலெக்ஷன்’ முதல் தொகுதியில் எம்.எஸ்.எக்ஸ்.2 விளையாட்டுகள் இரண்டும், 1998, 2001, 2004-ம் வருஷத்து விளையாட்டுகளும் ஒரே கட்டாக அடங்கியிருக்கின்றன. புதிதாக ஆரம்பிக்கும் குடும்பத்துக்கு அதுவே போதுமான மூலதனம். 2013-ல் வந்த ‘ரைஸிங்’ வாள் சண்டைப் பிரியர்களுக்கானது, விட்டாலும் குறையில்லை. கோஜிமா 2015 இறுதியில் கொனாமியை விட்டு விலகியபின் 2018-ல் வந்த ‘ஸர்வை’வைத் தாராளமாக விட்டுவிடலாம். இவற்றில் பெரும்பாலானவை 17 வயது நிறைந்தவர்களுக்கான விளையாட்டுகள் என்று அமெரிக்காவில் முத்திரை இடப்பட்டிருக்கின்றன. ரத்தமும் உண்டு, சித்திரவதைக் காட்சியும் உண்டு. சிறு குழந்தைகள் தூங்கியபின் ஆடுவது உத்தமம்.

முதலிரண்டு எம்.எஸ்.எக்ஸ்.2 விளையாட்டுகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அவற்றின் கதைச் சுருக்கம் 1998-ம் வருஷத்து விளையாட்டிலேயே இருக்கிறது. ஆரம்பத்தில் அதைப் படித்துக்கொண்டால் போதும். ஆனால் ஐந்தாம் பாகம் வரையில் முடித்த பிறகு, 1987-ம் வருஷத்து முதல் விளையாட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அதில் குரல் கிடையாது. ரேடியோ ‘கிர்’ரென்று ஒலித்ததும் திரையில் பெரிய எழுத்துக்களில் தலைவனுடைய உத்தரவு வரும். அந்தத் தலைவன் பிக் பாஸ். இத்தனை நாள் நாமே அவனாக இருந்து காட்டிலும் பாலைவனத்திலும் அலைந்திருக்கிறோம். இப்போது அவனிடம் உத்தரவு வாங்குகிற சிறுவனாக நிற்கிறோம். கோட்டையின் கடைசிப் பகுதியை நெருங்கும்போது, அவன் இந்தக் காரியத்தை விட்டுவிடச் சொல்லுகிறான். கம்ப்யூட்டரை உடனே அணைத்துவிடும்படி ஆணையிடுகிறான்.