கணிப்பொறிச் சந்தையும் காந்தி மார்க்கெட்டும்

கணிப்பொறி விளையாட்டு என்றாலே வீண்பொழுது என்பது பெரியோர் கருத்து. பெரும்பாலான விளையாட்டுகளைப் பொறுத்தவரை நானும் அதை மறுக்கவில்லை. ஆயினும் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்தை அந்தக் கூட்டத்தோடு சேர்த்து ஒதுக்கிவிட மனம் வரவில்லை. திருச்சிக்காரர்களுக்கு அதனைப் புகழவும் காரணம் உண்டு, அதனோடு வழக்காடவும் காரணம் உண்டு.

அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு சிற்றூரும் சில வேலையாட்களும் நம் பொறுப்பில் தரப்படும். உணவு, மரம், கல், பொன் ஆகிய நான்கையும் சேர்த்து, ஊரை அரசாக வளர்த்து, எதிரியை வெல்ல வேண்டும். 1997இல் வந்த முதல் பாகத்தில் வேலையாட்கள் அனைவரும் ஆண்களே! 1999இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் பெண்கள் தோன்றினார்கள். மரம் வெட்டுவது, பொன் தோண்டுவது, கோட்டை கட்டுவது என எல்லா வேலையையும் ஆணுக்கு நிகராகவே செய்கிறார்கள். இருவரையும் வேலைக்கு அமர்த்த ஆகும் செலவும் ஒன்றே, 50 உணவு. (நம் ஊரில் இந்தச் சமத்துவம் எத்தனை இடத்தில் உண்டு என்று தோழியர் எண்ணிப் பார்க்கட்டும்.)

இரண்டாம் பாகத்தின் தலைசிறந்த புதுமை சந்தைதான் என்பேன். முதல் பாகத்திலும் சந்தைக் கட்டடம் உண்டு. ஆனால் அங்கே பொருளை விற்றுப் பொன் பெற முடியாது. இதிலோ 100 உணவை விற்றால் முதலில் 70 பொன் கிடைக்கும். அதையே திரும்ப வாங்கப் போனால் 130 கேட்பார்கள். இடையிலுள்ளது தரகு! விற்க விற்க விலை இறங்கும், வாங்க வாங்க ஏறும். எதிரி விற்றாலும் நமக்கு விலை இறங்கிவிடும். விடியுமுன் காந்தி மார்க்கெட்டில் வெங்காய லாரிகள் வரிசையாக வந்து நின்றால் மண்டியில் என்ன நடக்குமோ, அதுவேதான். பொருளாதாரப் பாடத்தின் தேவையும் அளிப்பும் இவ்வளவு தெளிவாக எனக்கு வேறெங்கும் விளங்கியதில்லை.

ஆனால் அந்தச் சந்தையில் ஆளே இல்லை. சுமைதூக்குவோர் இல்லை, கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் மண்டிக்காரர் இல்லை, கீரைக்கட்டுடன் தரையில் அமர்ந்திருக்கும் பாட்டி இல்லை. 175 மரம் செலவிட்டால் எங்கு வேண்டுமானாலும் சந்தை எழும்பிவிடும், வியாபாரமும் அக்கணமே தொடங்கிவிடும். இது சரித்திரமன்று, சுத்தக் கற்பனை. மதுரைச் சாலையில் கள்ளிக்குடியில் புதிய மார்க்கெட் கட்டி 2017இல் திறந்தார்கள். காந்தி மார்க்கெட் வியாபாரிகள் அங்கே போக மறுத்துவிட்டார்களே! வாடிக்கையும் பழக்கமும் நம்பிக்கையும் செங்கல்லோடு சேர்ந்து இடம் மாறுமா? 2020இல் கொரோனாவால் காந்தி மார்க்கெட் மூடப்பட்டபோது, மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்தில் இரவு நேரத்தில் நடந்தது. பிறகு அனுமதி கிடைத்ததும் எல்லாரும் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். நெரிசலும் குப்பையும் அங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. விளையாட்டை அமைத்தவர்கள் ஒரே ஒரு நாள் அங்கு வந்து நின்றிருந்தால் போதும்.

நிற்க. இவ்விளையாட்டில் நம்மவர் இடம் பெற வெகுகாலமாயிற்று. 1999இல் இருந்த 13 இனத்தாரில் இந்தியர் எவரும் இல்லை. 2013இல் 'இந்தியர்' என்று ஒரே பெயரில் சேர்த்தார்கள். 2022 ஏப்ரலில்தான் 'திராவிடர்' வந்தனர். ராஜேந்திர சோழனுக்கெனத் தனிப் போர்த்தொடரும் வந்தது. திராவிடருக்குக் கனமான குதிரைப்படை தரப்படவில்லை. இது பொருத்தமே. தெற்கே குதிரைகள் கடல் கடந்து வந்தவை என்பதை மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். சுருள்வாள் வீரர்களை அணியணியாக நிறுத்தியிருப்பதுதான் வேடிக்கை. சுற்றி நிற்கும் தோழர்களையே அல்லவா அது முதலில் வெட்டும்!

பெருங்குறை ஒன்று உண்டு. அவர்கள் நமக்கு யானை கொடுத்தார்கள், கப்பல் கொடுத்தார்கள். தண்ணீரைக் கொடுக்க மறந்துவிட்டார்கள். 60 மரம் செலவிட்டால் பாலைவனத்திலும் வயல் விளைகிறது. வாய்க்கால் இல்லை, மடை இல்லை, ஏரி இல்லை. கங்கைவரை சென்ற வெற்றியின் நினைவாக ராஜேந்திரன் வெட்டியதே சோழகங்கம் என்னும் ஏரிதான். திருவாலங்காட்டுச் செப்பேடு அதனை நீராலான வெற்றித்தூண் என்கிறது. ராஜராஜன் காலத்ததாகக் கூறப்படும் உய்யக்கொண்டான் வாய்க்கால் இன்றும் நம் நகரின் நடுவே ஓடுகிறது (அதில் நாம் கொட்டும் குப்பையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்). சோழரைப் பற்றிய ஆட்டத்தில் வாளுக்குக் கொடுத்த இடத்தில் பாதியை மண்வெட்டிக்குக் கொடுத்திருக்கலாகாதா?

அடுத்த திருத்தத்தில் ஒரே ஒரு வாய்க்கால் வெட்ட வழி செய்தார்களானால், அந்தக் கோடை விடுமுறையில் தம்பிக்கு முன்பாகவே கணிப்பொறியின் முன் இடம் பிடித்துவிடுவேன். அம்மாவும் அனுமதிப்பார்கள் என்றே நினைக்கிறேன்.