மாஸ்கோவில் அச்சான தமிழ்

சென்னை லஸ் பழைய புத்தகக் கடையில் சோவியத் தமிழ் நூலைத் தொட்டாலே தெரிந்துவிடும்: கெட்டி அட்டை, கனத்த தாள், உள்ளே மாஸ்கோ முகவரி. வியட்நாமில் குண்டு விழுந்த நாள்களில், சென்னையில் வல்லரசுகள் வாசகருக்காக மோதின. ஜெமினி அருகே அமெரிக்க நூலகம். ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலையில் சோவியத் பண்பாட்டு மையம். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் பின்னர் ராதுகாவும் அச்சிட்ட டால்ஸ்டாயையும் கார்க்கியையும் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் சில ரூபாய்க்குத் தந்தது. பிரசாரம்தான், ஸ்டாலினின் வதைமுகாம்களைப் பற்றி அந்த அலமாரி வாய் திறக்கவில்லை. ஆனாலும் மாதச் சம்பளக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உலக இலக்கியம் எட்டியது அந்த விலையில்தான். 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் வரத்து நின்றது. மொழிபெயர்ப்பாளர் பூ. சோமசுந்தரம் போன்றோரின் அரிய உழைப்பு இன்று செல்லரிக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் இந்த நூல்களைத் தேடித் திரட்டி, மொழிபெயர்ப்பாளர் பெயரோடு மின்னூலாக்க வேண்டும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இவற்றுக்கு ஒரு தனி அடுக்காவது இந்த ஆண்டே ஒதுக்கப்படட்டும்.