கதை சினிமாவின் தனிச்சொத்து அல்ல

"சினிமாவுலயாவது ஒரு கதை இருக்கும். இந்த கேமுல என்ன இருக்கு?" நாகர்கோவிலிலும் தக்கலையிலும் பெற்றோர் வாயில் தவறாமல் வருகிற கேள்வி இது. அமெரிக்க சினிமா விமர்சகர் ராஜர் ஈபர்ட் இதற்கு ஒரு தத்துவமே கொடுத்தார்: ஆடுகிறவர் முடிவெடுக்கத் தொடங்கினால் படைப்பாளியின் பிடி போய்விடும், ஆகவே கேம் கலை ஆகாது. வேறு யார் நம்பினாலும் நாஞ்சில் நாட்டுக்காரர்கள் இதை நம்பக் கூடாது.

நம் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு எப்படி நடக்கிறது? புலவர் சுடலைமாடன் கதை பாடுகிறார். வீசுகோல் நாணில் விழ, குடமும் உடுக்கையும் சேர்ந்துகொள்கின்றன. சாமி வரவேண்டிய கட்டம் நெருங்கியதும் புலவரின் கண் சாமியாடும் கோமரத்தாடி மேல்தான். அருள் வரத் தாமதமானால் பாட்டை நீட்டுவார், தாளத்தை முறுக்குவார். எதிரே நிற்பவரின் உடம்பு கதையின் போக்கை மாற்றுகிறது. அதனால் கதை கெட்டதா? புலவரின் பிடி தளர்ந்ததா? ஏட்டுக்கதை நிகழ்த்தும்போது என்ன ஆகிறது என்று பார்க்கவே ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் நம் மாவட்டத்துக்கு வந்தார். 1988இல் நூலாகவும் எழுதினார்.

கேமிலும் இதுதான் நடக்கிறது. 2023இல் வெளிவந்த 'வெண்பா' என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா தந்த சமையல் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்திருக்கின்றன; விட்டுப்போனதை ஊகித்து நாம்தான் சமைக்க வேண்டும். புட்டுக்குழலில் எது முதலில், எது அடுத்து, ஆவி எப்படி ஏறும்? நம் அடுக்களையில் யோசிக்காமல் செய்வதை அங்கே தட்டுத்தடுமாறிச் செய்கிறோம். தப்பினால் புட்டு வராது. சினிமாவில் நடிகை கண்கலங்கினால் நமக்கு இரக்கம் வரும். இங்கே மறந்துபோன கை நம்முடையது. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய வீடுகள் நிறைந்த இந்த மாவட்டத்துக்கு இதைவிட நெருக்கமான கதை வேண்டுமா? அடுத்த ஆண்டு பாஃப்டாவின் அறிமுகப் படைப்பு விருதும் இதற்குக் கிடைத்தது.

லூகாஸ் போப்பின் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' (2013) இன்னும் கடுமையானது. எல்லைச் சாவடி அதிகாரி நாம்தான். கணவனின் தாள்கள் சரியாக இருக்கின்றன. பின்னால் வரும் மனைவியிடம் அனுமதிச் சீட்டு இல்லை. கெஞ்சுகிறாள். விட்டால் முதலில் எச்சரிக்கை, தவறுகள் கூடினால் சம்பளத்தில் பிடித்தம், வீட்டில் அடுப்பெரியாது. இதையே படமாக எடுத்தால் அதிகாரியைத் திட்டிவிட்டு எழுந்து வந்துவிடலாம். இங்கே முத்திரை நம் கையில்.

பணத்தைப் பிடுங்கும் ரம்மி ஆப்புகளுக்காக நான் வாதாடவில்லை. அவற்றால் கடனாளியான குடும்பங்களின் கோபம் நியாயமானது. ஆனால் அவற்றைக் காட்டி எல்லா கேமையும் தள்ளுவது, கள்ளச்சாராயத்தைக் காட்டிப் பதநீரை விலக்குவதற்குச் சமம்.

பிள்ளையிடமிருந்து போனைப் பறிக்கும் முன் பக்கத்தில் உட்காருங்கள். "அந்தப் பொம்பளைய உள்ள விட்டியா மக்கா? ஏன் விட்ட?" என்று கேளுங்கள். அவன் பதில் சொல்லி முடிக்க நேரமாகும், முழுக்கக் கேளுங்கள்.