யாருடைய அளவுகோலில் நம் பிள்ளைகளின் திறன்?

கடந்த மாதம் எங்கள் மாலைநேரப் படிப்பகத்துக்கு ஒரு தம்பி வந்தான். பொறியியல் இறுதியாண்டு மாணவன். அவன் வீட்டில் அவன்தான் முதல் பட்டதாரி. கல்லூரியில் நடந்த மாதிரி நேர்காணலில் அவனுக்குத் 'தொடர்புத் திறன் குறைவு' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். என்ன கேட்டார்கள் என்று விசாரித்தோம். பொழுதுபோக்கு என்ன, விடுமுறைக்கு எங்கே போனாய் என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள். அப்பாவோடு கரும்பு வெட்டப் போனதை அங்கே சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எங்கள் காலனியில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அதைப் பற்றி அவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இன்று கல்வி பற்றிப் பேசும் எல்லோர் வாயிலும் 'திறன்' என்ற சொல்தான். ஒன்றிய அரசின் 2020 கல்விக் கொள்கை அதைப் பேசுகிறது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் அதைத்தான் பேசுகிறது. மனப்பாடத்தை விட்டுவிட்டு, படித்ததை வைத்து என்ன செய்ய முடிகிறது என்று பார்ப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. மனப்பாடத் தேர்வில் அதிகம் அடிபட்டவர்களே டியூஷனுக்கு வழியில்லாத நம் பிள்ளைகள்தான். எங்கள் கேள்வி வேறு: திறன் எது, அதை அளப்பவர் யார், கற்றுக்கொடுத்த பிறகுதான் அளக்கிறார்களா?

இந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்றது. குலக்கல்வி என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. 2020 கொள்கையோ 6 முதல் 8ஆம் வகுப்புக்குள் 10 நாள் புத்தகப்பை இல்லாமல் தச்சர், குயவர் போன்றோரிடம் பிள்ளைகள் தொழில் பழக வேண்டும் என்கிறது. நகரத்துப் பிள்ளைக்கு அது புது அனுபவம். குயவர் வீட்டுப் பிள்ளைக்கு? அது அவன் தாத்தா உட்கார்ந்திருந்த அதே சக்கரம்.

மேல்நிலைப் பள்ளியைப் பாருங்கள். பிளஸ் டூ வேதியியலில் செய்முறைக்கு 20 மதிப்பெண். முழு 20 வாங்கிய பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள். அவர்களில் சிலர் பியூரெட்டைக் கையால் தொட்டதே இல்லை. ஆய்வகம் பூட்டியே கிடந்தது, அல்லது ஆசிரியர் செய்து காட்டியதோடு சரி. கல்லூரியின் முதல் செமஸ்டரில் இது வெளிப்படும்போது, "கோட்டாவில் வந்தவன், இவ்வளவுதான்" என்ற பேச்சு கிளம்புகிறது. தவறு பள்ளியுடையது, பழி பிள்ளைக்கு.

பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தால் "உனக்குத் தொழிற்பிரிவு போதும்" என்று சொல்வதும் இப்படித்தான். தொழில் படிப்பு கேவலமில்லை. ஆனால் அது எல்லோருக்குமான வாசலாக இருக்க வேண்டும். நம் பிள்ளைகளை மட்டும் ஒதுக்கும் கொல்லைப்புறமாக இருக்கக் கூடாது.

அரசிடம் நாங்கள் கேட்பது நான்கு.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உட்பட எல்லா மேல்நிலைப் பள்ளிகளிலும் இயங்கும் ஆய்வகமும், அதற்கு ஆசிரியரும் வேண்டும்.

கற்றுக்கொடுக்காத எதையும் மதிப்பிடக் கூடாது. நேர்காணல் ஆங்கிலத்தில்தான் என்றால், அந்த ஆங்கிலத்தைப் பாடவேளையிலேயே கற்றுக்கொடுக்க வேண்டும்.

தொழிற்பிரிவிலிருந்து பட்டப்படிப்புக்குப் போகும் வழி அகலமாகத் திறந்திருக்க வேண்டும்.

திறன் பயிற்சி பெற்றவர்கள் யார், வேலை கிடைத்தவர்கள் யார் என்ற கணக்கைச் சமூகவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

அந்தத் தம்பி இப்போது வாரம் மூன்று நாள் படிப்பகத்தில் நேர்காணலுக்குப் பழகுகிறான். போன வாரம் மோட்டாரில் காயில் எப்படிக் கருகுகிறது என்று தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் பத்து நிமிடம் விளக்கினான். சின்னப் பிள்ளைகள்கூட வாய் மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். திறன் அவனிடம் முன்பே இருந்தது. அதைக் கேட்கத் தெரிந்தவர்கள்தான் எதிரே உட்காரவில்லை.