நொய்யலின் உப்புக் கணக்கு
தரவு வரிசை ஒன்று எந்த இடத்தில் போக்கை மாற்றிக்கொண்டது என்று தேட, பேரியும் ஹார்ட்டிகனும் 1993இல் வகுத்த பேயஸ் முறையைக் கணினியில் செய்து தருவது ‘பிசிபி’ என்ற ஆர் மொழித் தொகுப்பு. திருப்பூரில் இதற்கு ஏற்ற தரவு நொய்யல் நீரின் உப்பளவுதான். சாயமேற்றப் போட்ட உப்பு கழிவோடு ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணைவரை போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் ஊரறிந்த கதை. மாதாமாதம் எடுத்த டிடிஎஸ் (நீரில் கரைந்த மொத்தத் திடப்பொருள்) அளவுகளைக் கொடுத்தால் மென்பொருள் ‘இந்த மாதம்தான்’ என்று அடித்துச் சொல்லாது. ஒவ்வொரு மாதத்திலும் திருப்பம் நேர்ந்திருப்பதற்கான நிகழ்தகவைப் பட்டியலிடும். ஜனவரிக்கு எதிரே உயர்ந்த எண்ணும் பக்கத்து மாதங்களுக்குச் சிறு எண்களும் விழலாம். தேதியை ஒற்றைப் புள்ளியாக நீட்டும் முறைகளைவிட இந்த அடக்கம் நேர்மையானது. திருப்பம் அரிதா, அடிக்கடி நேர்வதா என்ற முன்நம்பிக்கைக்குப் பயனரே வரம்பு வைக்கலாம், வைக்காவிட்டால் 0.2. சிக்கல் மழையில்தான். ஐப்பசியில் ஆறு பெருகி உப்பு நீர்த்தாலும் அதையும் இது திருப்பமாகவே காட்டக்கூடும். பட்டறை மூடியதா, மழை பெய்ததா என்பது அதற்குத் தெரியாது. அங்கே ‘ஆர்பீஸ்ட்’ என்ற இன்னொரு தொகுப்பு தேவலை: பருவ ஏற்ற இறக்கத்தையும் நீண்டகாலப் போக்கையும் அது பிரித்தே பார்க்கும்.