பளிச்சென்றால் பட்டிக்காடா?

நாகரிகமாக உடுத்தத் தெரிந்தவர்கள் எதையெல்லாம் தொடமாட்டார்கள் என்று ஒரு பட்டியல் நம்மூரில் வாய்வழியாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் முதல் அடி எப்போதும் நிறத்துக்குத்தான் விழும். கிளிப்பச்சை கூடாது, வாடாமல்லி கூடாது, மாம்பழ மஞ்சள் கூடவே கூடாது. எதிர்நிறத்தில் கரை வைத்த புடவை என்றால் பாட்டி காலத்து ஃபேஷன். ஆண்கள் பச்சையிலோ சிவப்பிலோ சட்டை போட்டால் ‘லோக்கல்’. சாம்பல், வெளிறிய ரோஜா, தந்த நிறம், பெயர் சொல்ல முடியாத ஏதோ ஒரு பழுப்பு, இவைதான் ‘கிளாஸ்’. அலுவலகத்தில், படித்தவர்கள் வீட்டில், கல்யாண ஜவுளி எடுக்கும் கடையில் இதைப் பற்றி யாரும் வாதாடுவதுகூட இல்லை. ஊரறிந்த உண்மைபோலச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள்.

இதை ரசனை என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். யாரையோ போலத் தெரிந்துவிடக் கூடாது என்ற பயம்தான் ரசனை என்ற பெயரில் நடமாடுகிறது. அந்தப் பயத்துக்கு இங்கே எத்தனையோ பேர் விலை கொடுக்கிறார்கள்.

ஒரு ஜவுளிக்கடையில் பார்த்தது. முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த குடும்பம், பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண் நல்ல கறுப்பு, களையான முகம். விரித்துப் போட்ட குவியலில் அவள் கை போனது, அரக்குச் சிவப்பில் கிளிப்பச்சைக் கரை போட்ட ஒரு புடவைக்கு. எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். கண்ணெல்லாம் சிரிப்பு. விற்பனைப் பெண் முந்தியை இழுத்து விட்டுச் சரிசெய்வதற்குள் பின்னாலிருந்து சித்தியின் குரல் வந்தது: “வேணாம்டி, உன் கலருக்கு இது ரொம்ப அடிக்கும். போட்டோல மூஞ்சியே தெரியாது. லைட்டா, டீசண்ட்டா ஏதாவது பாரு.” அம்மாவும் தலையாட்டினார். அரை மணி நேரம் கழித்து பில் போட்டது, கரையும் உடலும் ஒரே வெளிறிய பீச் நிறத்தில் இருந்த ஒரு புடவைக்கு. அந்தப் பெண் அதற்குப் பிறகு கண்ணாடிப் பக்கம் போகவே இல்லை.

கறுப்பாக இருப்பவர்களுக்கு அடர்நிறம் எடுக்காது என்பதைவிடப் பெரிய பொய் ஜவுளிக்கடைகளில் சொல்லப்படுவதில்லை. அரக்கும் மயில்கழுத்து நீலமும் மாம்பழ மஞ்சளும் நம் கறுப்புத் தோலின் மேல் நிற்கிற நிறைவு வேறெங்கும் வாய்ப்பதில்லை. வெளிறிய பீச் அவளுக்குப் பொருந்துகிறது என்று எடுக்கப்படவில்லை. அவள் கறுப்பை யாரும் கவனித்துவிடக் கூடாது, அவளே அதிகம் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்றுதான் எடுக்கப்பட்டது. கல்யாண நாளன்றுகூட ஒரு பெண்ணை ஒதுங்கி நிற்கச் சொல்கிற அறிவுரைக்கு ‘டேஸ்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். எனக்கு அதில் ஆத்திரம் வருகிறது.

இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது? 1810-ல் ஜெர்மன் கவிஞர் கோதே நிறங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். காட்டுமிராண்டி இனத்தாருக்கும் படிக்காதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பளீரென்ற நிறங்களில் மோகம் அதிகம், பண்பட்டவர்களோ தங்கள் உடையிலும் தங்களைச் சுற்றியுள்ள பொருள்களிலும் அவற்றைத் தவிர்ப்பார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். இருநூறு ஆண்டு தாண்டியும் அந்தக் கருத்து ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் நம் ஜவுளிக்கடைப் பாய்வரை வந்து உட்கார்ந்திருக்கிறது. காட்டுமிராண்டி என்ற சொல் மட்டும் உதிர்ந்து, அந்த இடத்தில் பட்டிக்காடு என்ற சொல் ஏறியிருக்கிறது.

கோதேவுக்கு ஒரு நூற்றாண்டு முன்னால் ஐரோப்பாவின் நிலைமை வேறு. நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய பருத்தித் துணிகளின் மேல் அங்கே பைத்தியமாகக் கிடந்தார்கள். சாயவேரில் ஏற்றிய சிவப்பு, அவுரியில் தோய்த்த நீலம். எத்தனை முறை வெளுத்தாலும் போகாத நிறம். அப்படியொரு சாயம் ஏற்றும் வித்தை அவர்களிடம் இல்லை. தங்கள் நெசவாளர்களின் பிழைப்பு போகிறதென்று பிரான்ஸ் 1686-ல் இந்திய அச்சுத் துணிகளுக்குத் தடை போட்டது. 1759 வரை அந்தத் தடை நீடித்தது. இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டம் போட்டது. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு அங்கே வாங்கி உடுத்தியிருக்கிறார்கள்.

பிறகு 1856-ல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர் மலேரியாவுக்கான குயினைன் மருந்தைச் செயற்கையாகச் செய்யப் போய், தற்செயலாக ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்த ஊதா நிறத்தை அரச குடும்பத்துப் பெண்களும் உடுத்தினார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் ஆலைகள் சிவப்பையும் நீலத்தையும் செயற்கையாகவே செய்யத் தொடங்கின. விலை இறங்கியது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணும் பளீர் நிறத்தில் பாவாடை உடுத்த முடிந்தது. அன்றைக்கு வரைக்கும் செல்வத்தின் அடையாளமாக இருந்த அதே நிறம் மலிவின் அடையாளமாக மாறியது அதற்குப் பிறகுதான். நிறத்தில் ஒரு குறையும் வந்துவிடவில்லை. உடுத்துகிற ஆள் மாறினார், அவ்வளவுதான்.

நம் மண்ணில் இந்தக் கதைக்கு இன்னும் கசப்பான ஒரு பக்கம் உண்டு. நிறம் உடுத்தக் கூடாது என்று இங்கே யாரிடம் சொல்லியிருக்கிறோம்? கணவனை இழந்தவளிடம். அவள் பெட்டியிலிருந்த சிவப்பையும் பச்சையையும் பறித்துக்கொண்டு வெள்ளையையோ மங்கிய காவியையோ கொடுத்தோம். நிறத்தைப் பறிப்பது இங்கே ஒரு தண்டனையாகவே இருந்திருக்கிறது. அதே பேச்சு தேய்ந்து இன்றும் கேட்கிறது: “இந்த வயசுல இவ்வளவு பளிச்னு வேணுமா?” ஐம்பது தாண்டிய பெண்ணிடம் இதைச் சொல்கிறார்கள். கறுப்பான பெண்ணிடம் வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். கிராமத்திலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்த பையனிடம் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். பண்பட்டவர்கள் தாங்களாகவே நிறத்தைத் தவிர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். அந்த விதியின் அடி விழுவது எப்போதும் வேறு யார் மேலோதான்.

அந்தப் பையனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1989-ல் ‘கரகாட்டக்காரன்’ படம் வந்து தமிழ்நாடே பார்த்தது. அதன் நாயகன் ராமராஜன் பச்சையிலும் சிவப்பிலும் மஞ்சளிலும் போட்ட சட்டைகள் அன்றிலிருந்து இன்றுவரை நகரத்து நகைச்சுவைக்குத் தீராத தீனி. ‘ராமராஜன் கலர்’ என்று ஒருவன் சட்டையைப் பார்த்துச் சொன்னால், ஊர்நாட்டான் என்று அர்த்தம். வயலிலும் வெயிலிலும் நின்று வேலை செய்கிற மனிதன் திருவிழாவுக்கு உடுத்தும்போது வானத்துக்கும் மண்ணுக்கும் ஈடுகொடுக்கிற நிறத்தைத் தேடுகிறான். நம் வெயிலில் வெளிறிய நிறங்கள் வெளுத்துத்தான் போகும். அவன் கண் சரியாகவே தேர்ந்திருக்கிறது. சிரிக்கிறவர்கள் குளிரூட்டிய அறையில் குழல்விளக்கின் கீழ் நின்று சிரிக்கிறார்கள்.

நேர்த்தியாக உடுத்துவது என்றால் என்ன என்று கேட்டால், நான் எம்.எஸ். சுப்புலட்சுமியைக் காட்டுவேன். 1966-ல் ஐ.நா. பொதுச்சபை அரங்கில் பாடியவர். அவர் உடுத்தியதில் ஆடம்பரம் என்று யாரும் ஒரு குறை சொன்னதில்லை. அவருக்காகக் காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் நெய்து கொடுத்த நீலம் இன்றும் ‘எம்.எஸ். ப்ளூ’ என்றே கடைகளில் கேட்கப்படுகிறது. அது வெளிறிய நீலம் கிடையாது. தூரத்து வரிசையிலிருந்து பார்த்தாலும் பார்வையைப் பிடித்து நிறுத்துகிற ஆழ்ந்த நீலம். ருக்மிணி தேவியும் கலாக்ஷேத்ராவில் நெசவுக்கூடம் வைத்து மீட்டெடுத்தது அகலக் கரையும் அழுத்தமான எதிர்நிறமும் கொண்ட பழைய புடவைகளைத்தான். நூல் கனம், கரையின் அகலம், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், அதில் எவ்வளவு என்ற கணக்கு, இவற்றில் இருக்கிறது நேர்த்தி. அடர்நிறம் அந்தக் கணக்கைக் கடினமாக்கும். அதில் தேறியவர்களிடம்தான் பண்பட்ட கண் இருக்கிறது. நிறத்தையே கைவிட்டவர்கள் அந்தப் பரீட்சைக்கே வரவில்லை.

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் கைலாசநாதர் கோயிலையும் பார்த்துவிட்டு வரலாம். எட்டாம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. மணற்கல்லின் மங்கலான நிறம்தான் நமக்குப் பழக்கம். அதையே பழமையின் கம்பீரம் என்று நினைத்துக்கொள்கிறோம். சுற்றிலும் உள்ள சிறு சந்நிதிகளுக்குள் எட்டிப் பார்த்தால் பல்லவர் தீட்டிய ஓவியங்களின் மிச்சம் சுதையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டியவர்கள் நிறத்துக்கு அஞ்சியவர்கள் இல்லை.

எல்லாப் பளீர் நிறமும் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. மட்டமான பாலியஸ்டரில் அடித்த நியான் பச்சை கண்ணை உறுத்தத்தான் செய்யும். மட்டமான பாலியஸ்டரில் அடித்த பீச்சும் அசிங்கம்தான், அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. வெளிறிய நிறம் மனதுக்குப் பிடித்து உடுத்துகிறவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. அது அவரவர் விருப்பம். அந்த விருப்பத்தை அளவுகோலாக்கி அடுத்தவரை அளக்கும்போதுதான் சண்டை.

இந்த அளவுகோல் ஒரு கைத்தொழிலையும் தின்றுகொண்டிருக்கிறது. காஞ்சிப் பட்டில் கோர்வை என்று ஒரு நெசவு உண்டு. உடல் ஒரு நிறம், கரை அதற்கு நேர் எதிர் நிறம். அதற்கு மூன்று நாடா வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொன்று. தறியில் நெசவாளர் ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் போதாது, மறுபக்கக் கரையின் நாடாவைத் தள்ளித்தர இன்னொருவர் வேண்டும். ஒவ்வொரு ஊடை போடும்போதும், உடலின் இழை கரை தொடங்கும் இடம்வரை வந்து, கரையின் இழையோடு கொக்கிபோல் மாட்டிக்கொண்டு திரும்பிப் போக வேண்டும். அரக்கு இழை ஒரு நூலளவு பச்சைக்குள் நுழைந்துவிட்டாலும் கரை கலங்கிவிடும். இரண்டு நிறமும் ஒன்றில் ஒன்று கரையாமல், தன் தன் சுத்தத்தோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பழகிய வித்தை இது. உடலும் கரையும் ஒரே வெளிறிய நிறமாகிவிட்டால் இந்த வித்தைக்கு வேலையே இல்லை. ஒரு நாடா, ஒரு ஆள் போதும். கரையின் பூவேலையை ஜக்கார்டு பார்த்துக்கொள்ளும்.

கோர்வை குறைந்துபோனதற்கு ரசனை மட்டும் காரணம் என்றால் அது பொய்யாகிவிடும். கூலி கட்டுப்படியாகவில்லை. மறுபக்கம் உட்கார ஆள் இல்லை. முன்பு அந்த இடத்தில் குழந்தைகளை உட்காரவைத்த வழக்கம் ஒழிந்தது நல்லதுதான். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள், அதையும் குறைசொல்ல முடியாது. ஆனால் இத்தனைக்கும் நடுவில் இன்னும் கோர்வை போட்டுக்கொண்டிருப்பவரிடம் போய், உங்கள் அரக்கும் பச்சையும் யாருக்கு வேண்டும், லைட் கலரில் கரை இல்லாமல் போடுங்கள் என்று சொல்வது நம் வேலை. கடைக்காரர் கேட்பது வாடிக்கையாளர் கேட்பதைத்தான். நாம் கேட்பது, சித்தி பாயில் உட்கார்ந்து சொன்னதைத்தான்.

ஆகவே கடைக்குப் போகிறவர்களுக்கு: எதிர்நிறக் கரை இருக்கும் புடவையை எடுத்து, கரையும் உடலும் சேரும் இடத்தை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், திருப்பிப் போட்டும் பாருங்கள். கோர்வையாக இருந்தால் இரண்டு நிற இழைகளும் ஒன்றையொன்று பிடித்துத் திரும்பியிருப்பது பின்பக்கத்தில் தெரியும். கோர்வைதானா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கையில் இருக்கும் பணத்தில் ஒரு புடவைதான் வாங்க முடியும் என்றால் அதையே வாங்குங்கள். தெருவாசல்வரை கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பாருங்கள். உங்கள் கலருக்கு எடுக்காது என்று யாராவது சொன்னால் எடுக்கும் என்று திருப்பிச் சொல்லுங்கள்.